ஒரே ஷர்ட் பேட்டர்ன், மூணு ஷர்ட்: தைச்சு போட்டுப் பார்த்தப்பறம் எழுதுறேன்

மூணாவது ஷர்ட்டுக்கு நேத்து ராத்திரிதான் பட்டன் வச்சு முடிச்சேன், இப்ப அதைப் போட்டுக்கிட்டுதான் இதை டைப் பண்றேன். பெண்களுக்கான பட்டன் வச்ச ஷர்ட், காலர் இருக்கு, முதுகுல சோல்டரை ஒட்டி யோக்னு ஒரு தனித் துண்டு இருக்கு, முன்பக்கம் மார்புக்கு இடம் குடுக்க துணியை மடிச்சுத் தைக்கற ஒரு டார்ட், கை முழங்கைக்குக் கொஞ்சம் மேல நிக்கும். காசு குடுத்து டவுன்லோட் பண்ற பிடிஎஃப் பேட்டர்ன், அதாவது துணியை எந்த வடிவத்துல வெட்டணும்னு பேப்பர்ல பிரிண்ட் எடுத்துக்கற வரைபடம். முதல் தடவை பிரிண்ட் எடுத்ததுல இருந்து இன்னிக்கு வரைக்கும் நாலு மாசம் ஆகுது, நடுவுல பழைய பெட்ஷீட்டுல தைச்ச சேம்பிள் தனி. கம்பெனி பேரைப் போடல, ஏன்னா குறை சொல்ற இடமும் இருக்கு, அதுவும் இல்லாம நான் பார்த்த விஷயங்களை நீங்க யார்கிட்ட பேட்டர்ன் வாங்கினாலும் பார்த்துதான் ஆகணும்.

முதல்லயே சொல்லிடறேன், இந்த பேட்டர்னோட கட்டிங் அருமை, அதைச் சொல்லிக்குடுக்கற புக்லெட் சுமார். பேட்டர்ன் வாங்கறப்ப எல்லாரும் மாடல் போட்டிருக்கற போட்டோவைப் பார்க்கறோம், நானும் அப்படித்தான் இத்தனை நாள் வாங்கிட்டு இருந்தேன். ஆனா ஒரு பேட்டர்ன் நல்லதா இல்லையாங்கறது போட்டோல தெரியாது, பேப்பர்லதான் தெரியும். ஒட்டித் தைக்க வேண்டிய ரெண்டு ஓரமும் ஒரே நீளம் இருக்கா, கை சரியா ஆர்ம்ஹோல்ல, அதாவது கை இணைக்கற ஓட்டைல, உட்காருமா, தைச்சு முடிச்ச ஷர்ட்டோட சுத்தளவு எவ்வளவுன்னு எழுதியிருக்காங்களா, இதுதான் பேட்டர்ன். இந்த மூணுலயும் இது பாஸ்.

டவுன்லோட் பண்ணா நாலு ஃபைல் வருது. ஏ4 பேப்பர்ல எடுக்க ஒண்ணு, 38 பக்கம். லெட்டர் சைஸ் பேப்பருக்கு ஒண்ணு. பெரிய ஏ0 ஷீட்டுக்கு ஒண்ணு, அது ரெண்டே ஷீட். அப்புறம் புக்லெட். பிடிஎஃப்ல லேயர் வசதி இருக்கு, அதாவது உங்க சைஸ் கோடு மட்டும் தெரியற மாதிரி வச்சுட்டு மத்ததை ஆஃப் பண்ணிடலாம், இது இல்லாத பேட்டர்ன்ல பத்து கோடு ஒண்ணு மேல ஒண்ணு ஓடும், கழுத்து வளைவுகிட்ட வந்ததும் எது நம்ம கோடுன்னே தெரியாம கண்ணு வலிச்சுப் போகும். லேயர் இருக்கற பேட்டர்னா பார்த்து வாங்குங்க.

பிரிண்ட் எடுக்கறப்ப ஒரே ஒரு விஷயம், ஆனா இதுலதான் எல்லாம் போகும். முதல் பக்கத்துல 10 செமீக்கு 10 செமீ ஒரு சதுரம் போட்டிருப்பாங்க. அந்தப் பக்கத்தை மட்டும் முதல்ல பிரிண்ட் எடுத்து ஸ்கேல் வச்சு அளந்து பாருங்க. எனக்கு 9.7 செமீ வந்துச்சு. பிரிண்ட் செட்டிங்ல பேப்பருக்கு ஏத்த மாதிரி சுருக்கறதுன்னு ஒரு டிக் தானா விழுந்திருந்துச்சு, அதை எடுத்துட்டு நூறு சதவீதம்னு வச்சப்பறம்தான் சரியா 10 வந்துச்சு. மூணு மில்லிமீட்டர் தானேன்னு விடாதீங்க. நான் எடுத்த 97 சைஸுக்கு (ஏன் அந்த சைஸ்னு பின்னாடி சொல்றேன்) தைச்சு முடிச்ச ஷர்ட்டோட மார்பு சுத்தளவு 109 செமீ, அதுல மூணு சதவீதம் குறைஞ்சா 3.3 செமீ காணாமப் போயிடும், மொத்தமே 12 செமீ லூஸ் வச்ச ஷர்ட்ல கால்வாசிக்கும் மேல போச்சுன்னா மூச்சு இழுத்து விட்டாலே பட்டன்கிட்ட துணி வாயைப் பிளக்கும்.

38 பக்கத்தையும் ஒட்ட எனக்கு ஒன்றரை மணி நேரம் ஆச்சு. செல்லோடேப் போடாதீங்க, க்ளூ ஸ்டிக் போடுங்க, ஏன்னா பேப்பர் சுருங்கினா லேசா அயர்ன் பண்ணி நீட்டிக்கலாம், டேப் போட்டா சூட்டுல உருகிடும். ரெண்டாவது தடவை கை நீளத்தை மாத்தறதுக்காக மறுபடி பிரிண்ட் எடுத்தப்ப பிரிண்ட் போடற கடைல குடுத்து ஏ0 ரெண்டு ஷீட்டா எடுத்துட்டேன், ஒட்டற வேலையே இல்ல. ஒட்டின பேப்பரை நேரா வெட்டிடாம, வேற பேப்பர்ல ட்ரேஸ் எடுத்து அதுல வேலை பண்றதுதான் நல்லது, பின்னாடி உடம்பு கூடினாலோ குறைஞ்சாலோ அசல் அப்படியே இருக்கும்.

இப்ப சைஸ். இங்கதான் நான் கொஞ்சம் நிதானமா எழுதணும், ஏன்னா நிறைய பேர் வீட்டுல தைச்சு ஒரு தடவை சரியா வரலைன்னா எனக்குத் தைக்க வரலன்னு மிஷினை மூடி வச்சுடறாங்க, தையல்ல ஒரு தப்பும் இருக்காது, சைஸ் எடுத்ததுலதான் தப்பு.

சைஸ் சார்ட்ல இருக்கறது உடம்பு அளவு. துணி அளவு இல்ல. ரெண்டும் வேற வேற, நல்ல கம்பெனியா இருந்தா ரெண்டையும் தனித்தனி டேபிளா குடுப்பாங்க, இதுல குடுத்திருக்காங்க. என் மார்பு சுத்தளவு 102 செமீ. சார்ட்ல 102னு ஒரு சைஸ் இருக்கு, அதையே எடுத்துக்கலாம்னுதான் யாருக்கும் தோணும். இதுக்கு முன்னாடி வேற ஒரு பேட்டர்ன்ல அப்படி எடுத்துத் தைச்சேன், மார்புல சரியா இருந்துச்சு, சோல்டர் ஒன்றரை செமீ கீழ இறங்கிடுச்சு, கழுத்து முன்னாடி குனிஞ்சா தொங்குது, அக்குள்கிட்ட மூட்டை மாதிரி துணி. அதை அப்படியே மடிச்சு வச்சுட்டேன், ஒரு நாள் கூட வெளிய போட்டுட்டுப் போகல.

காரணம் என்னன்னா பெரும்பாலான பேட்டர்ன்களை பி கப்னு ஒரு கணக்குல வரையறாங்க. மார்புக்கு மேல, அக்குளை ஒட்டி டேப்பைச் சுத்தி எடுக்கற அளவுக்கும், மார்போட முழு சுத்தளவுக்கும் நடுவுல அஞ்சு செமீ வித்தியாசம் இருக்கும்னு வச்சுப் போடற கணக்கு அது. எனக்கு மேல் அளவு 92, முழு அளவு 102, வித்தியாசம் பத்து. அப்ப என் சோல்டரும் கழுத்தும் முதுகும் 92ஓட அஞ்சு சேர்த்த 97 சைஸ் ஆளோடது, முன்பக்கத்துக்கு மட்டும் கூடுதலா அஞ்சு செமீ துணி வேணும். அதனால 97 சைஸை எடுத்து, முன்பக்கத்தை மட்டும் பேப்பர்லயே வெட்டி விரிச்சேன். ஒரு பக்கத்துக்கு 2.5 செமீ.

அது எப்படின்னா, முன்பக்க பேப்பர்ல மார்பு முனை எங்க வருதுன்னு உடம்புல அளந்து ஒரு புள்ளி வைக்கணும். அந்தப் புள்ளில இருந்து கீழ ஓரம் வரைக்கும் நேரா ஒரு கோடு, புள்ளில இருந்து ஆர்ம்ஹோலோட கீழ் வளைவுக்கு ஒரு கோடு, டார்ட் நடுவுல இருந்து புள்ளிக்கு ஒரு கோடு. கீழ இருந்து மேல ஆர்ம்ஹோல் வரைக்கும் வெட்டிட்டே போய், தையல் கோட்டுக்குக்கிட்ட ஒரு நூல் அளவு பேப்பரை அறுபடாம கீல் மாதிரி விடணும். டார்ட் கோட்டையும் வெட்டி, புள்ளிகிட்ட அதே மாதிரி விடணும். அப்புறம் பக்கவாட்டுல 2.5 செமீ விரிச்சா டார்ட் தானா அகலமாகும், பக்கத்துப் பாகம் கொஞ்சம் கீழ இறங்கும், அதுக்குச் சரியா நடுப்பாகத்தையும் குறுக்க வெட்டி இறக்கிவிட்டு, இடைவெளிக்கெல்லாம் பின்னாடி பேப்பர் வச்சு ஒட்டிடணும். எழுதறப்ப பெரிசாத் தெரியுது, பேப்பரைக் கைல வச்சுட்டு பண்ணா அரை மணி நேர வேலைதான். டார்ட் முனை மட்டும் அந்தப் புள்ளி வரைக்கும் போகக் கூடாது, 2.5ல இருந்து 3 செமீக்கு முன்னாடியே நிக்கணும், இல்லன்னா முன்னாடி கூம்பு மாதிரி நிக்கும்.

1863-லதான் எபனேசர் பட்டரிக்னு அமெரிக்கால ஒரு டெய்லர் அளவு வாரியா பேப்பர் பேட்டர்ன் விக்க ஆரம்பிச்சார், அதுக்கு முன்னாடி வந்ததெல்லாம் ஒரே சைஸ், பெரிசு பண்றதோ சின்னது பண்றதோ வீட்டுல தைக்கறவங்க பாடு. இன்னிக்கு இருபது சைஸ் வருது. ஆனாலும் எந்த சைஸ்லயும் முழுசா அடங்கற உடம்பு ரொம்ப அபூர்வம், அதனால பேப்பரை வெட்டி ஒட்ட யாரும் பயப்படாதீங்க, பேப்பர் போனா இன்னொரு பேப்பர், துணி போனா அவ்வளவுதான்.

அடுத்தது நான் ரொம்ப பாராட்டற விஷயம். துணில கத்தரி வைக்கறதுக்கு முன்னாடி எல்லா ஓரத்தையும் அளந்து பார்த்தேன். வெட்டற கோட்டை அளக்கக் கூடாது, தையல் ஓடற கோட்டை அளக்கணும், வளைவுல ரெண்டுக்கும் வித்தியாசம் வரும், டேப்பைப் படுக்கப் போடாம நிமித்தி வச்சு வளைவோட ஓட்டினா சரியா வரும். முன்பக்கத்தோட பக்க ஓரத்துல டார்ட்டைக் கழிச்சா பின்பக்க ஓரத்தோட மில்லிமீட்டர் பிசகாம ஒத்துப்போச்சு. யோக் ஒத்துப்போச்சு. ஆர்ம்ஹோல் 46 செமீ, கையோட மேல் வளைவு 48. வெறும் ரெண்டு செமீதான் கூட. ஷர்ட்டுக்கு இதுதான் அழகு. இன்னொரு பேட்டர்ன்ல கை அஞ்சு செமீ கூட இருந்துச்சு, மெல்லிசு காட்டன்ல அவ்வளவு கூடுதலை எப்படி இழுத்து அடக்கினாலும் சோல்டர்கிட்ட சுருக்கம் விழாம தைக்கவே முடியல, அப்ப என் கை சரியில்லன்னு நினைச்சு மூணு தடவை பிரிச்சுப் பிரிச்சுத் தைச்சேன், துணி ஓரமெல்லாம் நைஞ்சு போச்சு. இப்ப தெரியுது.

காலருக்கு மேல் பீஸும் கீழ் பீஸும் தனித்தனியா குடுத்திருக்காங்க, கீழ் பீஸ் மூணு மில்லிமீட்டர் சின்னது. இதைப் பார்த்ததும் வரைஞ்சவங்க நிஜமா ஷர்ட் தைச்சவங்கன்னு தோணிடுச்சு. கீழ் பீஸ் சின்னதா இருந்தாதான் தையல் ஓரம் உள்பக்கமாத் திரும்பும், காலர் முனை மேல தூக்காம படிஞ்சு நிக்கும்.

இப்ப குறை. மொத குறை பெரிய குறை. கைல முன்பக்கத்துக்கு ஒரு நாட்ச் (பீஸ்களை ஒண்ணோட ஒண்ணு பொருத்த ஓரத்துல போடற குறி), பின்பக்கத்துக்கு ரெண்டு நாட்ச் போடறதுதான் வழக்கம், அதை வச்சுதான் எது இடது கை எது வலது கைன்னு பிரிப்போம். இந்த ஃபைல்ல கை பேப்பர்ல சரியா இருக்கு, ஆனா உடம்போட பின்பக்க ஆர்ம்ஹோல்லயும் ஒரே ஒரு நாட்ச்தான். சேம்பிள் தைக்கறப்ப நானும் நாட்சை நம்பி வச்சுட்டேன். தங்கச்சிதான் பின்னாடி நின்னு பார்த்தா.

"அக்கா, கையை முன்னாடி நீட்டு... இரு இரு, முதுகுல இழுக்குது பாரு, கோடு கோடா விழுது."

"துணி பத்தலையோ?"

"துணி இருக்கு. கைதான் மாறியிருக்கு போல, பின்னாடி வர வேண்டிய துணி முன்னாடி மடிப்பா நிக்குது."

அவ சொன்னது சரி. கையோட பின்பக்க வளைவு முன்பக்கத்தை விட நிறைவா இருக்கும், கை முன்னாடி நீட்டறப்ப அந்தத் துணிதான் இடம் குடுக்கும், அது மாறிப்போனா ஷர்ட் எவ்வளவு லூஸா இருந்தாலும் முதுகைப் பிடிக்கும். பெட்ஷீட்டா இருந்ததால பிரிச்சு மாத்திட்டேன். நேரா நல்ல துணில தைச்சு, ஓரம் ட்ரிம் பண்ணி ஓவர்லாக்கும் போட்டிருந்தா என்ன ஆயிருக்கும்.

ரெண்டாவது குறை, தையலுக்கு எவ்வளவு விட்டிருக்காங்கன்னு ஒவ்வொரு பீஸ்லயும் எழுதல. பழைய பேப்பர் பேட்டர்ன் கம்பெனிகள்ல வழக்கமா ஒன்றரை செமீ விட்டிருப்பாங்க, அந்தப் பழக்கத்துல இருக்கறவங்க இதையும் அப்படியே ஓட்டிடுவாங்க. இதுல பொதுவா ஒரு செமீ, காலருக்கு மட்டும் ஆறு மில்லிமீட்டர், கீழ் மடிப்புக்கு 2.5. இது புக்லெட்ல ஆறாம் பக்கத்துல ஒரு மூலைல இருக்கு. ஒவ்வொரு தையல்லயும் அரை செமீ கூடப் போனா ரெண்டு பக்க ஓரத்துலயும் சேர்ந்து சுத்தளவுல ரெண்டு செமீ போயிடும்.

புக்லெட்டைப் பத்தி அதிகம் சொல்ல ஒண்ணும் இல்ல, படம் தெளிவு, வரிகள் குறைவு, காலர் ஸ்டாண்ட், அதாவது காலருக்குக் கீழ கழுத்தைச் சுத்தி நிக்கற பட்டி, வைக்கற இடத்துல மட்டும் ரெண்டே படத்துல தாண்டிப் போயிடறாங்க. ஷர்ட்ல ரொம்ப கஷ்டமான இடமே அதுதான்! அதனால நான் செஞ்சதை எழுதிடறேன். காலரை முதல்ல தைச்சுக்கணும். முனைக்கு வர்றப்ப ஊசியைத் துணில இறக்கி நிறுத்திட்டு, கொஞ்சம் நீளமான நூலை ரெண்டா மடிச்சு ரெண்டு துணிக்கும் நடுவுல விட்டு, மடிச்ச வளையம் ஊசியைச் சுத்தி நிக்கற மாதிரி இழுத்து, நூலோட ரெண்டு நுனியையும் காலருக்கு உள்பக்கமா வச்சுக்கணும். இப்ப துணியைத் திருப்பி அடுத்த ஓரத்தைத் தைச்சுட்டுப் போனா அந்த வளையம் முனைத் தையல்லயே மாட்டிக்கும். ஓரத்தை ட்ரிம் பண்ணி, முனைல சாய்வா வெட்டி, தையலை ஒரு தடவை அயர்ன் பண்ணி, அப்புறம் காலரைத் திருப்பி அந்த நூலை மெல்ல இழுத்தா முனை அப்படியே வெளிய வந்து நிக்கும். கத்தரி முனையை விட்டுக் குத்தினா துணி பிஞ்சுடும், நூல் வழி போனா பிய்யாது. முனை வந்ததும் நூலோட ஒரு நுனியை மட்டும் பிடிச்சு இழுத்தா மொத்தமும் உருவிட்டு வந்துடும். ஸ்டாண்டு விறைப்பா நிக்க உள்ள ஒட்டற கேன்வாஸை தையல் ஓரத்துல போகாம ஒரு செமீ உள்ள தள்ளி வெட்டி ஒட்டினேன், அதனால வளைவுல கனம் ஏறாம திரும்புச்சு.

துணிக்கு வர்றேன். முதல் ஷர்ட் காட்டன் பாப்ளின், 80ஆம் நம்பர் ஊசி, தையல் நீளம் 2.5 மில்லிமீட்டர், ஒரு தொந்தரவும் இல்ல. வெட்டறதுக்கு முன்னாடி துவைச்சு காய வச்சுடுங்க, நான் வாங்கின 2.5 மீட்டர் காஞ்சப்பறம் 2.4 தான் இருந்துச்சு, அந்தச் சுருக்கம் தைச்சப்பறம் நடந்தா ஷர்ட்ல நடக்கும். 110 செமீ அகலத் துணிக்கு 2.6 மீட்டர் வேணும்னு புக்லெட் சொல்லுது. துணியை ரெண்டா மடிக்காம ஒத்தையா விரிச்சு, மடிப்புல வெட்டச் சொன்ன பீஸையெல்லாம் முழுசா வரைஞ்சு, காலரையும் ஸ்டாண்டையும் இடுக்குல சொருகினா 2.2 மீட்டர்ல முடிஞ்சுடுது. ஒத்தையா வெட்டறப்ப இடது வலது மாத்தி பேப்பரைக் கவுத்துப் போட மறந்துடாதீங்க.

ரெண்டாவது ஷர்ட் விஸ்கோஸ். வழுக்கும். இதுல நூல் போக்கு அம்புக்குறியை (துணியோட நீள நூல் எந்தத் திசைல ஓடணும்னு பேப்பர்ல போட்டிருக்கறது) கண்ணால பார்த்து வைக்காதீங்க, அம்போட ரெண்டு முனைல இருந்தும் துணிக் கரை வரைக்கும் டேப் வச்சு அளக்கணும். நான் முன்பக்கத்தை வச்சப்ப மேல் முனைல 31.4, கீழ் முனைல 31.9. அரை செமீதான். பேப்பரைக் கொஞ்சம் திருப்பி ரெண்டையும் சமமாக்கிட்டு, குண்டூசி குத்தாம வெயிட் வச்சு, ரோட்டரி கட்டர்ல வெட்டினேன். அப்படியே வெட்டியிருந்தா போடப் போட பட்டன் பட்டி ஒரு பக்கமா முறுக்கிக்கிட்டு நிக்கும், அதுக்கு அப்புறம் எந்த அயர்னும் சரி பண்ணாது. கழுத்து வளைவை வெட்டின உடனே ஒரு வரி தையல் ஓட்டிடுங்க, இல்லன்னா தூக்கி வைக்கறதுக்குள்ள நீண்டுடும்.

பட்டன். பேட்டர்ன்ல ஏழு காஜா குறிச்சிருக்காங்க, அளவு மாத்தாதவங்க அப்படியே வச்சுக்கலாம். முன்பக்கத்தை விரிச்சவங்க அந்தக் குறியை விட்டுடுங்க. ஷர்ட்டைப் போட்டு, மார்போட உசரமான இடத்துக்கு நேரா ஒரு பட்டன் வர்ற மாதிரி முதல்ல அதைக் குறிச்சுட்டு, அங்க இருந்து மேலயும் கீழயும் சம இடைவெளி எடுத்துட்டுப் போகணும். எனக்கு 8.5 செமீ இடைவெளி வந்துச்சு. கடைல வாங்கின எந்த ஷர்ட்லயும் ரெண்டு பட்டனுக்கு நடுவுல திறந்துக்காம நான் போட்டதே இல்ல, எப்பவும் உள்ள ஒரு ஊக்கு குத்திட்டு, நிமிர்ந்து உட்கார யோசிச்சு, கையைக் கட்டிட்டே நிப்பேன். பாப்ளின் ஷர்ட்டைப் போட்டுட்டு கண்ணாடி முன்னாடி ரெண்டு கையையும் பின்னாடி இழுத்துப் பார்த்தேன். திறக்கல. மறுபடி இழுத்துப் பார்த்தேன், அப்பவும் திறக்கல. ரொம்ப நேரம் அங்கயே நின்னேன்.

யாருக்கு இது சரிப்படும்னா, ஒண்ணு ரெண்டு சிம்பிள் டாப் தைச்சு, கை வச்சுப் பழகினவங்களுக்கு தாராளமா. இப்பத்தான் மிஷின்ல நேர்த் தையல் ஓட்டிப் பழகறவங்க காலர் இல்லாத ஒண்ணுல ஆரம்பிச்சுட்டு வாங்க, புக்லெட் உங்களைக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போற ரகம் இல்ல. மூணாவது ஷர்ட்டுக்கு லினன் எடுத்தேன், ஊசி 90, கை நீளத்தை நீட்ட பேப்பர்லயே போட்டிருக்கற கோட்டுல வெட்டி ஏழு செமீ சேர்த்தேன், அஞ்சு நாள் சாயங்காலம் உட்கார்ந்ததுல முடிஞ்சுது.

நாட்ச் விஷயத்தை போட்டோ எடுத்து அந்தக் கம்பெனிக்கு மெயில் போட்டேன். ஒரு வாரம் கழிச்சு திருத்தின ஃபைல் அனுப்பினாங்க, இப்ப பின்பக்க ஆர்ம்ஹோல்ல ரெண்டு நாட்ச் இருக்கு, காலர் ஸ்டாண்ட் பக்கம் மட்டும் இன்னும் அதே ரெண்டு படம்தான். நீங்க எந்த பிடிஎஃப் பேட்டர்ன் வாங்கி வச்சிருந்தாலும் தைக்க உட்கார்ற அன்னிக்கு மறுபடி ஒரு தடவை டவுன்லோட் பண்ணிக்கோங்க, திருத்தியிருந்தா சில பேர் மெயில் கூட அனுப்ப மாட்டாங்க. கை பீஸையும் பின்பக்க பீஸையும் பக்கத்துல பக்கத்துல வச்சு நாட்சை எண்ணிட்டு, அப்புறம் துணியை விரிங்க.